பால் பல்லுக்கு எதற்குப் பேஸ்ட்?

வணக்கம் நேயர்களே. குழந்தைகளுக்குப் பல் பார்ப்பதுதான் என் தொழில். "பால் பல்தானே டாக்டர், எப்படியும் விழத்தானே போகிறது?" என்று கேட்காத பெற்றோர் குறைவு. விழத்தான் போகிறது. ஆனால் முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்தாலும், பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை இருந்தாக வேண்டும். அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை அவைதான். சொத்தையாகி முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால், பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். புதுப் பல் கோணலாக வரும். அதோடு பால் பல்லின் வெளி உறையான எனாமல் மெல்லியது, சொத்தை சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும்.

முதல் பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டி எட்டிப் பார்க்கும். அன்றைக்கே பிரஷும் வந்துவிட வேண்டும், பேஸ்ட்டும்தான். "துப்பத் தெரியாதே, விழுங்கிவிடுமே" என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் நாங்களும் கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்லி வந்தோம். 2014இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு என்ற தாது கலந்த பேஸ்ட்டை முதல் பல்லிலிருந்தே போடலாம் என்று தன் ஆலோசனையை மாற்றியது. சூட்சுமம் அளவில் இருக்கிறது. மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவு, அதன்பின் ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கும் சுருள் சுருளாகப் பிழிவார்களே, அது பேஸ்ட் விற்பதற்கான அளவு! அரிசி அளவை விழுங்கினால் கவலை வேண்டாம். தினமும் நிறைய விழுங்கினால்தான் பின்னால் வரும் நிரந்தரப் பற்களில் வெள்ளைத் திட்டுகள் விழலாம். அதனால் பேஸ்ட்டைப் பெரியவர்களே வைத்துக் கொடுங்கள், டியூப் குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். குடிநீரில் ஃப்ளூரைடு அதிகமுள்ள பகுதி என்றால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கும்போது அட்டையில் ஃப்ளூரைடு குறைந்தது 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு, இருக்கிறதா என்று பாருங்கள். படமும் வாசனையும் எதுவாக இருந்தாலும் சரி.

காலையில் தேய்ப்பது யாருக்கும் மறக்காது. இரவில்தான் கோட்டை விடுகிறோம். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும், பல்லில் ஒட்டிய இனிப்பைக் கழுவ ஆள் இல்லை. பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள்தான் முதலில் பழுதாகும். கீழ்ப் பற்களை நாக்கு மறைத்துக்கொள்கிறது. இன்று இரவே குழந்தையின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறு ஓரமாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம். அந்தக் கட்டத்தில் வந்தால் ஃப்ளூரைடு பூச்சோடு அதை நிறுத்திவிட வாய்ப்புண்டு. பழுப்பாகிக் குழி விழுந்தபின் அது நடக்காது.

தேய்க்க விடாமல் அழுகிறதா? தலையை மடியில் சாய்த்துப் படுக்க வைத்து, மேலிருந்து பார்த்துத் தேய்த்துவிடுங்கள். அழும் வாய் திறந்துதான் இருக்கும், நமக்கு வசதி! துப்பத் தெரிந்த பிள்ளை நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பல்லில் தங்கும் கொஞ்ச ஃப்ளூரைடுதான் வேலை செய்கிறது. "நானே தேய்ப்பேன்" என்று பிடுங்கினால் கொடுங்கள், அப்புறம் ஒருமுறை நீங்கள் தேய்த்துவிடுங்கள். ஏழெட்டு வயதுவரை இது தேவை. அந்தக் கைக்கு அவ்வளவு லாவகம் வந்திருக்காது.

ஆறு வயதை நெருங்கும்போது இன்னொன்று. கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, புதிதாக ஒரு கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கும். பலர் அதையும் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல், போனால் திரும்ப வராது. முளைக்கும்போது மற்றப் பற்களைவிடத் தாழ்வாக இருப்பதால் நேராகத் தேய்த்தால் பிரஷ் அதைத் தொடாது. கன்னத்தின் பக்கமிருந்து பிரஷைக் குறுக்காக நுழைத்துத் தேய்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.