கடலூர் பின்கோடும் இரட்டைப் பகா எண்களும்

எல்லாருக்கும் வணக்கம். பெரிய எண் ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்றார்கள். கோடி, கோடானுகோடி என்று போக மனசில்லை, உங்கள் வீட்டுக்கு வருகிற கடிதத்தில் இருக்கிற எண்ணையே எடுத்துக்கொண்டேன். 607001, நம்ம கடலூர் மஞ்சக்குப்பத்தின் பின்கோடு.

இது பகா எண். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. இதை நம்ப வேண்டாம், வகுத்துப் பாருங்கள். 607001 வரைக்கும் போக வேண்டியதில்லை, இரண்டு எண்களின் பெருக்கலாக உடைந்தால் இரண்டும் 780-க்கு மேல் இருக்க முடியாது, 780-இன் வர்க்கமே இதைத் தாண்டிவிடுகிறது, அதனால் 779 வரையுள்ள பகா எண்கள் போதும், அவை மொத்தம் 137. நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன், இரண்டு சாயங்காலம் போனது, வீட்டில் திட்டும் கிடைத்தது.

அப்புறம்தான் ஆசை வந்து முதுநகர் எண்ணையும் பார்த்தேன். 607003. அதுவும் பகா எண்! இரண்டே வித்தியாசத்தில் இப்படி வரும் ஜோடிக்கு இரட்டைப் பகா எண்கள் என்று பெயர். நடுவில் மாட்டிக்கொண்ட திருப்பாதிரிப்புலியூர், 607002, பாவம், சுக்குநூறாக உடைகிறது: 2 × 3 × 11 × 17 × 541. இது தற்செயல் இல்லை. அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று மூன்றால் வகுபட்டே ஆக வேண்டும், ஓரத்தில் இருப்பவை பகா எண்கள் என்றால் அது நடுவில் இருப்பதுதான், ஓரம் இரண்டும் ஒற்றைப்படை என்பதால் நடு இரட்டைப்படை. ஆக நடு எண் ஆறின் மடங்கு. 3, 5 ஜோடி மட்டும் இதற்கு விலக்கு.

இரட்டையர் என்றாலும் குணம் வேறு. 607001-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம்: 340-இன் வர்க்கம் 1,15,600, 701-இன் வர்க்கம் 4,91,401, கூட்டிப் பாருங்கள். 607003-ஐ எவ்வளவு முட்டினாலும் அப்படி எழுத முடியாது. ஏனென்றால் எந்த வர்க்கத்தையும் நாலால் வகுத்தால் மீதி 0 அல்லது 1, இரண்டைக் கூட்டினால் 3 வரவே வராது, 607003-க்கு மீதி 3. நாலால் வகுத்து மீதி 1 வரும் பகா எண்கள் எல்லாம் இப்படி எழுதப்படும் என்று 1640-இல் பெர்மா என்ற கணித மேதை சொன்னார், நிரூபித்தது அடுத்த நூற்றாண்டில் ஆய்லர் என்ற இன்னொரு மேதை.

சரி, இந்த இரட்டையர்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருப்பார்களா? இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. 2013-இல் யிடாங் ஜாங் என்ற கணிதப் பேராசிரியர், 7 கோடிக்குள் இடைவெளி உள்ள பகா ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று காட்டினார். மற்றவர்கள் அதை 246 வரை இறக்கிவிட்டார்கள். நமக்கு வேண்டியது 2.

பாண்டியிலிருந்து வந்த நண்பர் முன்வரிசையில் முறைக்கிறார். உங்கள் பின்கோடு 605001-இன் இலக்கங்களைக் கூட்டினால் 12, மூன்றால் போய்விடும் ஐயா: 3 × 201667. அந்த 201667 பகா எண்தான், அதை வைத்து ஆறுதல் பட்டுக்கொள்ளுங்கள்.