பதினைந்து நாளும் சம்பள நாளும்

(மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிறு மாலை பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். தேத்தண்ணி இன்னும் வரவில்லை. அது வரும்வரை யாரும் எழுந்து போக மாட்டீர்கள் என்ற தைரியத்தில் ஆரம்பிக்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு சாலைப் பாதுகாப்பு. ஹெல்மெட் போடு, வேகமாகப் போகாதே என்று நீங்கள் தமிழ்ப்பள்ளி நாளிலிருந்து கேட்டு அலுத்த பேச்சு அது. நான் இருபத்திரண்டு வருஷமாக இந்த டவுனில் ரோட் டேக்ஸும் இன்சூரன்ஸும் எடுத்துக் கொடுக்கிற கடைக்காரி. எனக்கு நன்றாகத் தெரிந்தது சம்மன், அதாவது சாலைக் குற்றத்துக்கு வருகிற அபராதச் சீட்டு. அதைப் பற்றியே பேசிவிடுகிறேன், தலைவர் மன்னிக்க வேண்டும்.

கொஞ்ச நாளைக்கு முன்னால், கடையைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிற தம்பி ஒருவர் வந்தார். "பூட்ஸைக் கழற்றிட்டு வரட்டுமாக்கா?" என்று கேட்டு வாசலிலேயே நின்றார். பரவாயில்லை வாங்க என்றேன், ஆனாலும் கழற்றிவிட்டுத்தான் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளின் பழைய பேப்பர்கள். அந்த மோட்டாருக்கு வருஷ ரோட் டேக்ஸ் எவ்வளவு? 150 சிசி வரைக்கும் 2 வெள்ளி, அதாவது 2 ரிங்கிட். ஒரு தே தாரிக் டீக் காசு. நம்பரைத் தட்டினேன், கருப்புப் பட்டியல் என்று வந்தது. 150 வெள்ளி சம்மன் ஒன்று கட்டாமல் கிடக்கிறது.

தம்பிக்கு அப்படி ஒரு சம்மன் இருப்பதே தெரியாது. கேமரா பிடித்த சம்மன். கடிதம் பழைய முகவரிக்கு, தோட்டத்து ஆபீஸுக்குப் போயிருக்கிறது. அவர் குடும்பம் தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்துவிட்டு, வீடமைப்புப் பகுதியான தாமானுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்சூரன்ஸ் எடுக்க முடிந்தது, ரோட் டேக்ஸ் எடுக்க முடியவில்லை. 2 வெள்ளி கட்ட வந்தவர் அதைக் கட்ட முடியாமல் அதே மோட்டாரில் திரும்பிப் போனார். வேறென்ன செய்வார்? காலையில் ஐந்தரைக்குப் பெரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. தோட்டத்துக்கு என்ன பஸ்ஸா ஓடுகிறது? அடுத்த ரோட் பிளாக்கில் நிறுத்தினால் ரோட் டேக்ஸ் இல்லை என்று இன்னொரு சம்மன். முதல் சம்மன் குட்டி போடுகிற விதம் இதுதான்.

இப்போது என் கதை. அதே மாதத்தில் எனக்கும் வேகத்துக்காக 150 வெள்ளி சம்மன் வந்தது. கடை வாசலில் கோப்பிக்குக் காத்திருந்த நேரத்தில் கைப்பேசியிலேயே கட்டிவிட்டேன். சீக்கிரம் கட்டினதால் பாதிதான், 75 வெள்ளி. கோப்பி வந்தது, குடித்தேன், மறந்துவிட்டேன். கோயில் மண்டபத்தில் நின்று பொய் சொல்லக் கூடாது: அடுத்த வாரம் ஈப்போவுக்குப் போனபோது நான் வேகத்தைக் குறைக்கவும் இல்லை.

சட்டம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தொகையைத்தான் எழுதியது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025-லிருந்து மாதம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். 150 வெள்ளி என்றால் அந்தத் தம்பிக்கு இரண்டே கால் நாள் வேலை. பெரும்பாலான குற்றங்களுக்குச் சம்மனின் உச்சம் 300 வெள்ளி, அது நாலரை நாளைத் தாண்டும். மழை பெய்து குலை இறங்காத வாரமாக இருந்தால் இன்னும் மோசம்.

2026 ஜனவரியிலிருந்து புதுத் திட்டம் வந்திருக்கிறது, தெரியும்தானே? 15 நாளுக்குள் கட்டினால் பாதி. 30 நாளுக்குள் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. 60 நாள் வரை முழுத்தொகை, அதற்கும் மேல் போனால் கோர்ட்டு. முன்பெல்லாம் எப்போது ஐம்பது சதவீதம் அறிவிப்பார்கள் என்று சம்மனைச் சேர்த்து வைத்துக் காத்திருந்தோம், மெகா சேல் மாதிரி. அந்தப் பழக்கத்தை ஒழிக்கத்தான் இது. யோசனை நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதை எழுதியவர்கள் தோட்டத்துச் சம்பள நாளைப் பார்த்து எழுதவில்லை. இங்கே ஏழாம் தேதிக்குள் சம்பளம். பத்தாம் தேதி உங்களுக்குச் சம்மன் விழுகிறது என்று வையுங்கள். அதற்குள் மளிகைக்கடைப் பாக்கி, பள்ளி பஸ், மோட்டார் தவணை எல்லாம் போய்விட்டது. பதினைந்தாவது நாள் இருபத்தைந்தாம் தேதி வருகிறது, கையில் ஒன்றும் இல்லை. அடுத்த ஏழாம் தேதி சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஓடினால் 100 வெள்ளி. கோப்பிக்குக் காத்திருந்தபடி நான் 75 கட்டின அதே மாதிரி சம்மன். குறைவாகச் சம்பாதிக்கிறவர் 25 வெள்ளி அதிகம் கட்டுகிறார். கேலண்டர் செய்கிற அநியாயம் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

பின்வரிசையில் ஒரு ஐயா தலையை ஆட்டுகிறார். தப்பு செய்யாமல் இருந்தால் சம்மன் ஏன் வருகிறது என்று கேட்கிறீர்கள், சரியா? நியாயமான கேள்விதான். இந்த நாட்டில் வருஷத்துக்கு 6,000 பேருக்கு மேல் சாலையில் சாகிறார்கள், அதில் பாதிக்கு மேல் மோட்டார் ஓட்டிகள். நம் பிள்ளைகள்தான். அபராதமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. குடித்துவிட்டு ஓட்டி ஒரு உயிரை எடுத்தால் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 10 முதல் 15 வருஷம் சிறை, 50,000 முதல் 1,00,000 வெள்ளி வரை அபராதம். அதில் ஒரு வெள்ளிகூடக் குறைக்கக் கூடாது. சிவப்பு விளக்கில் பாய்கிறவனுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். நான் கேட்பது வேறு. என்னையும் அந்தத் தம்பியையும் ஒரே அளவுக்குச் சுடுகிற தண்டனை எது?

பின்லாந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், 1921-லிருந்து. பெரிய குற்றம் என்றால் அபராதத்தை நாள் வருமானத்தில் கணக்குப் போடுவார்கள். 2023-இல் அந்த நாட்டின் ஆலண்ட் தீவில் ஆண்டர்ஸ் விக்லோஃப் என்ற கோடீஸ்வரர் 50 கிலோமீட்டர் வேகச் சாலையில் 82-இல் போய்ப் பிடிபட்டார். அபராதம் 1,21,000 யூரோ. நம் ஊர்க் கணக்கில் ஐந்து லட்சம் வெள்ளிக்கும் மேல்! மனுஷன் சண்டை போடவில்லை, தப்புத்தான் என்று சொல்லிவிட்டு, இந்தப் பணம் மருத்துவத்துக்காவது போகட்டும் என்றார். எனக்கு அந்த ஆளைப் பிடித்துப் போயிற்று.

அதை அப்படியே இங்கே கொண்டு வரலாமா? ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் முடியாது. அங்கே ஒருவருடைய வருமானம் வரிக் கணக்கில் இருக்கிறது, அபராதம் போடுகிறவர் எடுத்துப் பார்க்கலாம். இங்கே குலை வெட்டுகிற தம்பிக்கு வரிக் கோப்பே கிடையாது. காண்ட்ராக்டர் பையனுக்கும் கிடையாது, அவன் ஓட்டுவது அப்பா பெயரில் இருக்கிற ஹைலக்ஸ் பிக்அப் வண்டி. வருமானம் கேட்டால் பூஜ்யம் என்பான். ஏழை கட்டுவான், அவன் தப்பிப்பான்.

அதனால் நான் வேறொன்று சொல்கிறேன். 2026 ஜனவரியிலிருந்து பொது இடத்தில் குப்பை போட்டால் 2,000 வெள்ளி வரை அபராதம், அதோடு 12 மணி நேரம் வரை சமூக சேவையும் கோர்ட்டு கொடுக்கலாம். சிகரெட் துண்டு போட்டவன் கூட்டுமாறு பிடிக்கலாம் என்றால் சம்மன் கட்ட முடியாதவர் ஏன் பிடிக்கக் கூடாது? கட்ட முடிந்தவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டாம் தடவை பிடிபட்டால் காசு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலை வந்து இந்த முச்சந்தி கால்வாயைச் சுத்தம் பண்ணு. அந்தத் தம்பியின் ஞாயிறும் நான்கு மணி நேரம், என் ஞாயிறும் நான்கு மணி நேரம். இந்த டவுனே பார்க்க நான் கூட்டிக்கொண்டு நின்றால், சத்தியமாகச் சொல்கிறேன், ஈப்போ சாலையில் கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

லோரியைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் நீங்கள் விட மாட்டீர்கள். 2025 மே 13. சித்ரா பௌர்ணமி முடிந்த காலை. நம்மில் பாதிப் பேர் தெலுக் இந்தானில் தேர் பார்த்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தோம். நம் திருவிழாவுக்குக் காவல் நின்ற எஃப்.ஆர்.யூ. என்கிற கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள் ஒன்பது பேர் திரும்பிப் போகிற வழியில் கல் லோரி மோதி இறந்தார்கள். பாரம் அளவுக்கு மேல் இருந்தது, ஸ்டியரிங்கிலும் கோளாறு என்று விசாரணைக் குழு சொன்னது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை, கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். ஆனால் அன்றையிலிருந்து பாரம் ஏற்றின லோரி கடை முன்னால் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி. அவ்வளவு கல்லை ஓட்டுகிற மனுஷன் தானாகவா ஏற்றிக்கொண்டான்? நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற ஓட்டுநர்கள் என் கடைக்கு வருகிறார்கள். ஏற்ற மாட்டேன் என்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்களாம். சம்மன் மட்டும் ஸ்டியரிங் பிடித்த கையில்தான் முதலில் விழுகிறது. கல் ஏற்றி அனுப்புகிற எடைப்பாலம் யார் இடத்தில் இருக்கிறதோ, அபராதத்தை அவர்கள் பெயரில் முதலில் எழுதச் சொல்லுங்கள்.

தேத்தண்ணி வந்துவிட்டது போலிருக்கிறது, வாசனை வருகிறது.

அந்தத் தம்பி அடுத்த சம்பளத்துக்கு வந்து எல்லாம் கட்டினார். 2 வெள்ளியைத் தனியாக மடித்து வைத்திருந்தார். நீங்கள் போகும்போது ஒன்று செய்யுங்கள். ஜேபிஜேயில், அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவில், உங்கள் முகவரி இன்னும் லயத்து முகவரியாக இருந்தால் மாற்றுங்கள். கைப்பேசியில் போலீஸ் சம்மன் பார்க்கிற மைபாயார் செயலியைப் போட்டு, சம்பளம் வந்த அன்றைக்கே உங்கள் பெயரில் சம்மன் இருக்கிறதா என்று ஒரு தடவை தட்டிப் பாருங்கள். பார்க்கத் தெரியாதவர்கள் என் கடைக்கு வாங்க, பார்த்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை. சாயங்காலம் ஏழு மணி வரை திறந்திருக்கும். பதினான்காம் நாளே வந்துவிடுங்கள், பதினாறாம் நாள் வந்து என்னிடம் கோபப்படாதீர்கள்.