ஒட்டுத் தெரியாத காட்சி

வணக்கம் நேயர்களே.

ஒரே ஆள் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தன்னோடு தானே பேசுகிறார். வெறும் உள்ளங்கையில் நெருப்பு எரிகிறது. அறைக்குள் நிற்பவர் மலை உச்சியில் நிற்பதாகத் தெரிகிறார். இதற்கெல்லாம் பெரிய ஸ்டுடியோ வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் மூன்றுக்கும் தேவையான கருவிகள் இலவச வீடியோ மென்பொருள்களிலேயே இருக்கின்றன. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, கேடென்லைவ், ஷாட்கட், பிளெண்டர் என எதை எடுத்தாலும் படத்தின் ஒரு பகுதியை மட்டும் மறைக்கும் மாஸ்க் உண்டு, பச்சைப் பின்னணியை நீக்கும் கிரீன் ஸ்கிரீன் கீ உண்டு, ஒரு படத்தை இன்னொன்றோடு கலக்கும் பிளெண்ட் மோட் உண்டு.

அடிப்படையும் புதிதல்ல. பிரான்சில் ஜார்ஜ் மெலியே என்ற திரைப்பட இயக்குநர் 1896-லேயே கேமராவை நிறுத்தி, ஆளை நகர்த்தி, மீண்டும் ஓடவிட்டுத் திரையில் ஒரு பெண்ணை மறைய வைத்தார். 1898-ல் கறுப்புப் பின்னணியில் ஒரே பிலிமைப் பலமுறை பதிவு செய்து, தன் தலையையே கழற்றி மேசைமேல் வைப்பதுபோல் காட்டினார். இரண்டு படங்களை ஒட்ட வேண்டும், ஒட்டுத் தெரியக் கூடாது. இன்றும் வேலை அதுதான். அந்த ஒட்டு மறைவதில் பெரும்பங்கு படம் பிடிக்கும்போதே முடிந்துவிடுகிறது, கணினிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

முதலில் இரட்டை வேடம். கேமராவையோ போனையோ ட்ரைபாடில் பூட்டிவிடுங்கள். எக்ஸ்போஷர் என்ற வெளிச்ச அளவு, ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் என்ற நிறச் சமநிலை ஆகிய மூன்றையும் கையால் நிலைப்படுத்த வேண்டும். போனில் திரையை அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷரும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும், ஆனால் ஒயிட் பேலன்ஸ் பல போன்களில் தன்போக்கில் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் மூன்றையும் தனித்தனியே பூட்டக்கூடிய கேமரா செயலி நல்லது. பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. அசைவைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். ட்ரைபாடில் இருந்தாலும் அது படத்தை மெல்ல நகர்த்தும்.

பதிவைத் தொடங்கி, யாரும் இல்லாத மேசையை மட்டும் பத்து விநாடி எடுங்கள். பின்னால் ஏதாவது அழிக்க வேண்டியிருந்தால் அந்த வெற்றுக்காட்சிதான் கைகொடுக்கும். பிறகு நடிகர் இடப்பக்கம் உட்கார்ந்து, மற்றவர் பேச வேண்டிய நேரத்துக்கு இடைவெளி விட்டுப் பேசட்டும். பதிவை நிறுத்தாமலே உடை மாற்றி வலப்பக்கம் உட்காரட்டும். எதிர்நாற்காலியில் கண் மட்டத்தில் ஒரு டேப் துண்டை ஒட்டிவைத்தால் பார்வை சரியாக அமையும். முதல் வேடத்தின் வசனத்தை வேறொரு கருவியில் ஒலிப்பதிவு செய்து, இரண்டாவது வேடத்தின்போது கேமராவுக்குத் தெரியாத காதில் இயர்போன் மூலம் கேட்க வையுங்கள். பதில் சொல்லும் நேரம் தானாகப் பொருந்திவிடும்.

கணினியில் அந்தப் பதிவை வேடத்துக்கு ஒரு கிளிப்பாக வெட்டி, இரண்டு கிளிப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். மாஸ்க் போடும் முன் ஒரு சோதனை உண்டு. மேல் கிளிப்பின் பிளெண்ட் மோடை டிஃபரன்ஸ் என்று மாற்றுங்கள். இரண்டு படத்திலும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் கறுத்துவிடும். நாற்காலி விளிம்பிலும் சுவர் ஓரத்திலும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் கேமரா அசைந்திருக்கிறது, மேல் கிளிப்பை ஓரிரு பிக்சல் நகர்த்திப் பாருங்கள். படம் முழுக்க சாம்பல் பூத்ததுபோல் இருந்தால் வெளிச்சம் மாறியிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தை நம்பினால் பெரும்பாலும் இதுதான் நடக்கும், ஒரு மேகம் கடந்தால் போதும். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு விளக்கில் எடுப்பதே பாதுகாப்பு.

சோதனை தேறியபின் மோடை நார்மலுக்குத் திருப்பி, மேல் கிளிப்பில் பாதியை மறைக்கும் மாஸ்க் வரையுங்கள். கோடு வெறுமையான சுவரில் போகட்டும், கதவுச் சட்டத்தின் ஓரம் கிடைத்தால் இன்னும் நல்லது. 1920-க்கு 1080 அளவுப் படத்தில், மாஸ்க்கின் ஓரத்தை மெல்லக் கரைக்கும் ஃபெதர் 20 முதல் 40 பிக்சல் வரை போதும். கை கோட்டைத் தாண்டும் இடத்தில் மட்டும், அந்தந்த நேரத்து நிலையைக் குறிக்கும் கீஃப்ரேம் வைத்து மாஸ்க்கை நகர்த்தலாம். பலரும் மறப்பது நிழலைத்தான். இடப்பக்கத்தவரின் நிழல் கோட்டைத் தாண்டி விழுந்தால் பாதியில் வெட்டுப்படும், எந்த ஃபெதரும் அதைக் காப்பாற்றாது. விளக்கைக் கேமரா பக்கத்திலிருந்து வைத்து, நிழல் அவரவர் முதுகுக்குப் பின்னால் விழும்படி செய்யுங்கள்.

நெருப்பு, தூசி, மழைச்சாரல் போன்றவற்றுக்குக் கறுப்புப் பின்னணியில் எடுத்த கிளிப்பும் ஸ்கிரீன் என்ற பிளெண்ட் மோடும் போதும். அந்த மோடில் கறுப்பு மறைந்து ஒளி மட்டும் மிஞ்சும். ஆனால் கிளிப்பில் உள்ள கறுப்பு முழுக் கறுப்பாக இருக்காது. அப்படியே வைத்தால் காட்சிமேல் ஒரு சாம்பல் செவ்வகம் தெரியும். வெளிச்சத்தைத் திருத்தும் வளைகோடான கர்வ்ஸில் கீழ் முனையைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினால் அது அடங்கிவிடும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஸ்கிரீன் மோடு நெருப்பு சோகையாகத்தான் தெரியும், இருட்டான காட்சியைத் தேர்ந்தெடுங்கள். உள்ளங்கையில் நெருப்பு என்றால் முகத்திலும் அதன் வெளிச்சம் படவேண்டுமே! படம் எடுக்கும்போதே கீழிருந்து ஆரஞ்சு நிற விளக்கைக் காட்டி, அதன் முன் விரல்களை ஆட்டுங்கள். மென்பொருளில் மணிக்கணக்கில் செய்யும் வேலையைவிட அந்த விரலாட்டம் நம்பும்படி இருக்கும். சாரல் நீங்களே எடுக்கலாம்: இரவில், பின்னாலிருந்து விளக்கு, நடுவில் தண்ணீர் தெளிப்பான். நெருப்பை வீட்டுக்குள் எடுக்க முயல வேண்டாம், பயன்படுத்த அனுமதியுள்ள ஆயத்தக் கிளிப்புகளே போதும்.

இனி கிரீன் ஸ்கிரீன், அதாவது பச்சைத் துணிக்கு முன் ஆளை எடுத்து, பச்சையை நீக்கி வேறு பின்னணி வைப்பது. அதிகம் சொதப்புவது இதில்தான். பச்சைக்குக் காரணம் உண்டு. கேமரா சென்சாரில் நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சையைப் பிடிப்பவை, சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொன்றுதான். தோலின் நிறமும் பச்சையிலிருந்து தள்ளியிருக்கிறது. ஆனால் சாதாரண போன் வீடியோ நிறத்தைக் குறைத்தே சேமிக்கும். 1920-க்கு 1080 படத்தில் ஒளி விவரம் முழுதாக இருக்க, நிற விவரம் 960-க்கு 540 தான். முடியோரம் படிக்கட்டுபோல் உடைவது அதனால்தான். இதற்கு எளிய தீர்வு, 3840-க்கு 2160 அளவான 4கே-யில் எடுத்து 1080 டைம்லைனில் வேலை செய்வது. அப்போது நிற விவரம் சரியாக 1920-க்கு 1080 கிடைத்துவிடுகிறது.

துணியின் சுருக்கத்தை இஸ்திரி போட்டு எடுங்கள். ஆள் துணியிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும். கிட்டே நின்றால் நிழல் துணியில் விழும், பச்சை வெளிச்சம் தோளிலும் கன்னத்திலும் தெறிக்கும். துணிக்குத் தனி விளக்கு, ஆளுக்குத் தனி விளக்கு. ரிசால்வில் வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்ம் வரைபடத்தைப் பார்த்தால் துணி ஒரு மெல்லிய கிடைக்கோடாகத் தெரிய வேண்டும், பட்டையாக விரிந்தால் வெளிச்சம் சீராக இல்லை. கை வேகமாக வீசும் காட்சியில் ஷட்டர் 1/50 விநாடி என்றால் விரல்நுனி பச்சையோடு கலந்து காணாமல் போகும். 1/100-க்கு மாற்றுங்கள், மங்கலைப் பிறகு சேர்க்கலாம்.

கீ போடும் முன் ஆளைச் சுற்றித் தோராயமாக ஒரு மாஸ்க் வரைந்து, துணிக்கு வெளியே உள்ளதை வெட்டிவிடுங்கள். பிறகு பச்சையைத் தேர்ந்து, எது மிஞ்சும், எது மறையும் என்று காட்டும் கறுப்பு-வெள்ளை மேட் காட்சிக்கு மாறுங்கள். ஆள் முழு வெள்ளை, மற்றது முழுக் கறுப்பு. அதற்காகக் கறுப்பையும் வெள்ளையையும் ஒட்ட முறுக்கினால் முடி வெட்டியதுபோல் ஆகும், முடியோரச் சாம்பலைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். விளிம்பை ஒரு பிக்சல் உள்ளே இழுத்து, கடைசியில் ஆள்மேல் தெறித்த பச்சையை அகற்றும் ஸ்பில் நீக்கத்தைச் சேருங்கள். இருட்டில் எடுத்த படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸ் கீயைக் கெடுக்கும், ரிசால்வின் இலவசப் பதிப்பில் நாய்ஸ் நீக்கும் முதன்மை வசதி கிடையாது. ஆகவே வெளிச்சத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கீ சுத்தமாக இருந்தும் ஆள் ஒட்டவைத்தது போலவே தெரிகிறதா? மூன்றைப் பாருங்கள். பின்னணியில் மிக இருட்டான இடமும் ஆளின் கருமுடியும் ஒரே அளவு கறுப்பா? தூர மலைக்காட்சியில் கறுப்பு பெரும்பாலும் வெளிறியிருக்கும், ஆளின் கறுப்பையும் அதற்கேற்ப உயர்த்துங்கள். பின்னணி ஆளைவிடக் கூர்மையாக இருக்கிறதா? லேசாக மங்கவையுங்கள். வெயில் மலையில் இடமிருந்து விழ, முகத்தில் வலமிருந்து விழுகிறதா? பின்னணியை இடவலமாகத் திருப்பிவிடுங்கள், எழுத்துப் பலகை ஏதும் இல்லாதவரை யாருக்கும் தெரியாது.

எல்லாம் முடிந்தபின், எல்லா லேயருக்கும் மேலே ஒரே நிறத் திருத்தத்தையும் பிலிம் புள்ளிகள் போன்ற மெல்லிய கிரெயினையும் போடுங்கள். தனித்தனியே பிடித்த படங்கள் ஒரே கேமராவில் பிடித்ததுபோல் ஆவது அப்போதுதான். ஏற்றுமதி செய்ததும் ஒலியை அணைத்து, முழுப் படத்தையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒருமுறை ஓடவிடுங்கள். நாள் முழுக்கப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, விட்டுப்போன பச்சை விளிம்பு அப்போது சட்டென்று தெரியும்.

நன்றி, வணக்கம்.