இரண்டே வருடம் நடந்த பேக்-12 சாஃப்ட்பால் டோர்னமென்ட்

வணக்கம். பேஸ்பால் போன்ற ஆட்டம் சாஃப்ட்பால். அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் கோப்பை என்றாலே மேற்குக் கரைக்குத்தான் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து விளையாடிய கூட்டமைப்பின் பெயர் பேக்-12. என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய சங்கம் 1982-இல் பெண்கள் சாஃப்ட்பாலுக்குத் தேசியப் போட்டி தொடங்கியது. அதிலிருந்து கணக்குப் போட்டால் லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 12 பட்டம். 1995-இல் ஜெயித்து, பிறகு விதிமீறலுக்காகப் பறிக்கப்பட்டது தனி. அரிசோனாவுக்கு 8, அரிசோனா ஸ்டேட்டுக்கு 2, பெர்க்லிக்கும் வாஷிங்டனுக்கும் தலா ஒன்று. 2006 முதல் 2011 வரை ஆறு வருடமும் கோப்பை இந்த அணிகளை விட்டு வெளியே போகவே இல்லை.

இவ்வளவு பலமான கூட்டமைப்புக்கு, தன் சாம்பியனைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் டோர்னமென்ட் 2023 வரைக்கும் கிடையாது. தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்.இ.சி. கூட்டமைப்பு 1997-லேயே அதை ஆரம்பித்துவிட்டது.

[திரையில்: ஒன்பது அணிகளின் பெயர்களும் லீக் பட்டியலும்]

அப்படியானால் அதுவரை சாம்பியனை எப்படி முடிவு செய்தார்கள்? லீக் பட்டியல்தான். பேக்-12-இல் 12 பல்கலைக்கழகங்கள் இருந்தாலும் சாஃப்ட்பால் அணி வைத்திருந்தவை 9. ஒவ்வொரு அணியும் மற்ற எட்டு அணிகளோடு தலா மூன்று ஆட்டம், மொத்தம் 24. வாரக் கடைசியில் ஓர் ஊருக்குப் போய் அதே அணியோடு மூன்று நாள் மோத வேண்டும். முடிவில் முதலிடத்தில் இருப்பவர் சாம்பியன். 64 அணிகள் ஆடும் தேசியப் போட்டிக்கு நேரடி நுழைவும் அவருக்கே.

நியாயமான முறைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த விளையாட்டின் உயிர் பிட்சரின், அதாவது பந்து வீசுபவரின் கையில் இருக்கிறது. 43 அடி தூரத்திலிருந்து, கையைக் கீழிருந்து சுழற்றி, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறார்கள். பந்து வந்து சேர அரை வினாடிகூட ஆகாது. அதற்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்து மட்டையைச் சுழற்றியாக வேண்டும். மூன்று நாள் தொடரில் ஒருநாள் சொதப்பினால் மறுநாள் சரிக்கட்டலாம். தோற்றால் வீடு என்ற போட்டியில் அதற்கு வழியில்லை. நல்ல பிட்சரை இன்றைக்கே இறக்குவதா, நாளைக்கு வைத்துக்கொள்வதா என்று கோச் தவிக்கும் தவிப்பு லீக்கில் பார்க்கக் கிடைக்காது. இதைத்தான் பேக்-12 ரசிகர்கள் இத்தனை வருடம் பார்க்காமல் இருந்தார்கள்.

2023 மே மாதம் அது வந்தது. இடம் டூசான் நகரம், அரிசோனா அணியின் ஹில்லன்பிராண்ட் ஸ்டேடியம். அங்கே இருக்கும் மைதானத்துக்கு மைக் கான்ட்ரியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அரிசோனாவின் எட்டு பட்டங்களையும் வாங்கிக் கொடுத்த கோச் அவர்தான். முதல் டோர்னமென்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருந்திருக்காது என்பேன்.

லீக்கில் அந்த வருடம் முதலிடம் யூ.சி.எல்.ஏ. 24 ஆட்டத்தில் 21 வெற்றி. ஃபைனலுக்கும் வந்துவிட்டார்கள். எதிரே யூட்டா. 2011-இல்தான் இந்தக் கூட்டமைப்புக்குள் வந்த அணி, பட்டங்களின் பட்டியலில் பெயரே இல்லாத அணி. ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 7-6. கோப்பை யூட்டாவுக்கு!

லீக் முறை மட்டும் இருந்திருந்தால் அந்தக் கோப்பை யூட்டாவின் கைக்கு வந்திருக்காது. ஏதோ அதிர்ஷ்டத்தில் ஜெயித்தார்கள் என்றும் ஒதுக்க முடியாது. அடுத்த சில வாரங்களில் அதே அணி ஓக்லஹோமா சிட்டியில் நடக்கும் பெண்கள் கல்லூரி உலகத் தொடருக்கு, அதாவது தேசியப் போட்டியின் கடைசி எட்டு அணிகளுக்குள் போனது. 1994-க்குப் பிறகு யூட்டா அங்கே போனது அதுவே முதல் முறை. யூ.சி.எல்.ஏ.வோ தேசியத் தரவரிசையில் இரண்டாம் இடத்தோடு நுழைந்து, முதல் சுற்றிலேயே சொந்த மைதானத்தில் இரண்டு ஆட்டமும் தோற்று வெளியேறியது.

[திரையில்: 2024, ஸ்டான்ஃபோர்ட்]

அடுத்த வருடம் ஸ்டான்ஃபோர்டில். ஃபைனலில் மீண்டும் அதே இரண்டு அணிகள். இந்த முறை 2-1 என்று யூ.சி.எல்.ஏ. ஜெயித்தது. போட்டி பழகி, பகை மூண்டு, கதை சூடுபிடிக்கும் நேரம். ஆனால் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது, இதுதான் கடைசி என்று.

காரணம் சாஃப்ட்பால் இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால். கல்லூரி விளையாட்டில் பெரும் பணம் புரள்வது ஃபுட்பால் ஒளிபரப்பு உரிமையில்தான். நல்ல ஒப்பந்தம் தேடி 2024-இல் பத்து பல்கலைக்கழகங்கள் கிளம்பிவிட்டன. யூ.சி.எல்.ஏ., ஓரிகன், வாஷிங்டன் எல்லாம் பிக் டென் கூட்டமைப்புக்கு; யூட்டா, அரிசோனா, அரிசோனா ஸ்டேட் பிக் 12 கூட்டமைப்புக்கு; ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்புக்கு. சாஃப்ட்பால் அணிகளில் மிஞ்சியது ஓரிகன் ஸ்டேட் ஒன்றுதான். இப்போது லாஸ் ஏஞ்சலஸில் படிக்கும் யூ.சி.எல்.ஏ. வீராங்கனைகளின் கூட்டமைப்பில் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் ஒரு அணி. இடையில் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். அந்தப் பெண்களின் படிப்பையும் உடம்பையும் நினைத்து யாரும் இந்த முடிவை எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் என்ன ஆனது? 2025 மே மாதம் பிக் டென் டோர்னமென்ட் ஃபைனலில் யூ.சி.எல்.ஏ. நின்றது, மிச்சிகனிடம் தோற்றது. பிக் 12 ஃபைனலில் அரிசோனா நின்றது, டெக்சஸ் டெக்கிடம் தோற்றது. டெக்சஸ் டெக்கின் பிட்சர் நைஜாரி கனாடி. முந்தைய வருடம் வரை அவர் ஸ்டான்ஃபோர்டின் பிட்சர். பேக்-12-இன் கடைசி டோர்னமென்ட்டிலும் அவர் அந்த அணிதான்.