பொருளியல் துறைக்கு கெஸ்ட் லெக்சரர்: ஆளைத் தேடும் முன் தாளை முடிவு செய்யுங்கள்

[திரை: டைம்டேபிள் கட்டம். மூன்று தாள்களுக்கு எதிரே ஆசிரியர் பெயர் காலி]

சின்னக் கலைக் கல்லூரி. பி.ஏ. பொருளியலுக்கு ஒரே பிரிவு, துறையில் மூன்று பேர். ஆளுக்கு வாரம் 16 மணி நேரம் பிரித்த பிறகும் 18 மணி நேரம் மிஞ்சுகிறது. உடனே ‘பொருளியல் கெஸ்ட் லெக்சரர் தேவை’ என்று விளம்பரம் போகிறது. தவறு இங்கேதான் தொடங்குகிறது.

மிஞ்சிய அந்த 18 மணி நேரம் என்ன தாள் என்று பாருங்கள். பெரும்பாலும் புள்ளியியல், கணித முறைகள், எகானோமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு அளப்பது). துறையில் இருப்பவர்கள் இந்தியப் பொருளாதாரம், பணமும் வங்கியியலும், பொது நிதி என்று எடுத்துக்கொண்ட பிறகு தட்டில் கிடப்பவை அவை. வருகிறவர் கிராமப் பொருளாதாரம் படித்தவராக இருந்தால், ஆகஸ்டிலேயே மாணவர்கள் முதல்வர் அறை வாசலில் நிற்பார்கள்.

ஆகவே விளம்பரத்தில் தாளின் பெயர், டைம்டேபிளின் ஒரு சுற்றுக்கு (டே ஆர்டர் 1 முதல் 6 வரையான ஆறு வேலை நாள்) எத்தனை மணி நேரம், தமிழ்வழியா ஆங்கிலவழியா, இந்த மூன்றும் இருக்கட்டும். இல்லையென்றால் துறைக்குள்ளேயே தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். நிரந்தர ஆசிரியர் ஒருவர் புள்ளியியலை எடுத்தால், இந்தியப் பொருளாதாரத்துக்கு ஆள் கிடைப்பது எளிது.

[திரை: தகுதிச் சான்றிதழ்கள்]

தகுதி விஷயத்தில் கெஸ்ட் என்பதற்காகச் சலுகை கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2019 வழிகாட்டுதல்படி உதவிப் பேராசிரியருக்கு உள்ள அதே தகுதிதான்: முதுகலையில் 55 சதவீதம், அதோடு தேசிய அளவிலான நெட் அல்லது மாநில அளவிலான செட் தகுதித் தேர்வு, அல்லது விதிகளுக்கு உட்பட்ட பிஎச்.டி.

நெட் சான்றிதழில் புதிதாக ஒரு பள்ளம் இருக்கிறது. 2024 ஜூன் தேர்விலிருந்து மூன்று வகையாகத் தேர்ச்சி தருகிறார்கள். அதில் கடைசி வகை பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும், அதை வைத்து உதவிப் பேராசிரியர் ஆக முடியாது. ‘நெட் பாஸ்’ என்று பயோடேட்டாவில் இருந்தால் போதாது, எந்த வகை என்று சான்றிதழிலேயே படியுங்கள். இன்னொன்று: நெட்டில் பொருளியல் பாடத்துக்குள்ளேயே கூட்டுறவு, மக்கள்தொகையியல், வளர்ச்சித் திட்டமிடல் எல்லாம் அடங்கும். எனவே முதுகலை மதிப்பெண் பட்டியலை வாங்கி, உங்கள் தாள் அவர் படித்ததுதானா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை, பலரும் செய்வதில்லை.

[திரை: கரும்பலகை. விலை 10, 12. தேவை 100, 90]

இனி மாதிரி வகுப்பு. ‘உங்களுக்குப் பிடித்த தலைப்பை எடுங்கள்’ என்று சொல்லாதீர்கள். எல்லோருமே பாடத்தின் முதல் பக்கத்தில் வரும் பற்றாக்குறை இலக்கணத்தை (பொருளியலுக்கான ராபின்ஸின் வரையறை) எடுத்துவிடுவார்கள். முந்தின நாளே தலைப்பைக் கொடுத்து, 20 நிமிடம், எதிரே மாணவர்களையே உட்கார வைத்து நடத்துங்கள். நடுவில் ஒரு கணக்கு கொடுங்கள்.

தக்காளி கிலோ 10 ரூபாயிலிருந்து 12 ரூபாய் ஆகிறது. தேவை 100 கிலோவிலிருந்து 90 கிலோவாகிறது. நெகிழ்ச்சி, அதாவது விலை மாறும் சதவீதத்துக்குத் தேவை மாறும் சதவீதத்தின் விகிதம், எவ்வளவு? 10 சதவீதத்தை 20 சதவீதத்தால் வகுத்து 0.5 என்பார். இப்போது திருப்பிக் கேளுங்கள்: விலை 12-லிருந்து 10-க்கு இறங்கினால்? 11.1 சதவீதத்தை 16.7 சதவீதத்தால் வகுத்தால் 0.67 வரும். அதே இரண்டு புள்ளிகள், விடை மட்டும் ஏன் வேறு? அடிப்படை எண் மாறுகிறது என்பதை விளக்கி, இரண்டு எண்களின் சராசரியை அடிப்படையாக வைக்கும் நடுப்புள்ளி முறையில் 0.58 என்று போட்டுக் காட்டுபவரைத் தயங்காமல் எடுக்கலாம். விலை ஏறினால் தேவை இறங்குவதால் குறி எதிர்மறை என்பதை அவராகவே சொன்னால் இன்னும் நல்லது.

தமிழ்வழி வகுப்பு என்றால் இதே பாடத்தைத் தமிழில் நடத்தச் சொல்லுங்கள். ஆங்கிலவழியில் முதுகலை படித்தவர் சமநோக்கு வளைகோடு, இறுதிநிலைப் பயன்பாடு என்ற சொற்களில் தடுமாறுவார். அது திறமைக் குறைவு அல்ல, பழக்கம். ஒரு மாதம் முன்பே பாடநூல்களைக் கொடுத்தால் சரியாகும். ஜூன் கடைசியில் ஆள் எடுத்தால் அந்த ஒரு மாதத்துக்கு எங்கே போவது? ஆள் தேர்வை ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள்.

[திரை: ஊதியக் கணக்கு]

யுஜிசி சொன்ன தொகை வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000. சுயநிதிக் கல்லூரிகள் பல இதைவிடக் குறைவாகத்தான் தருகின்றன. ஆனால் முழுத் தொகை தருகிற இடத்திலும் ஒரு கணக்கு இடிக்கும். ஆறு டே ஆர்டர் சுற்றுக்கு ஆறு மணி நேரத் தாள் ஒன்று என்றால் மாதம் நான்கு சுற்றில் 24 வகுப்பு, 36,000 ரூபாய். இரண்டு தாள் கொடுத்தால் 48 வகுப்பு, 72,000 வர வேண்டும், உச்சவரம்பால் 50,000-தான். வகுப்புக்கு ஆயிரத்துச் சொச்சம். கணக்குத் தெரிந்தவர் இரண்டாவது தாளை ஏற்கமாட்டார். 18 மணி நேரத்துக்கு ஒருவரைத் தேடாமல், தாளுக்கு ஒருவராகத் தேடுங்கள்.

மணிக் கட்டணமாகத் தந்தால், தொழில்முறைக் கட்டணமாக ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும். பான் எண் இல்லையென்றால் 20. முதல் நாளே வாங்கிவிடுங்கள். மாதச் சம்பளம் என்றால் வேறு கணக்கு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

[திரை: பணி ஆணை]

பணி ஆணையில் தாள், மணி நேரம், தொகை, பணம் வரும் தேதி எழுதுவார்கள். விடுபடுவது: சி.ஐ.ஏ. (கல்லூரி நடத்தும் அகமதிப்பீட்டுத் தேர்வு) வினாத்தாள் தயாரிப்புக்கும் விடைத்தாள் திருத்தத்துக்கும் காசு உண்டா? வகுப்புக்கு மட்டும் பணம் என்றால் திருத்தம் கடைசி வாரம்வரை இழுபடும். மதிப்பெண் ஏற்றும் நாளன்று எல்லோரும் ஓடுவீர்கள். தாளுக்கு இத்தனை என்று தனித் தொகை போட்டுவிடுவது நல்லது.

நடுவில் போய்விடுவதும் சகஜம். வேறு வேலை கிடைத்தால் அக்டோபரில் கிளம்பிவிடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. பருவத்துக்கு 90 வேலை நாள், அதாவது 15 சுற்று. ஆறு மணி நேரத் தாளுக்கு ஏட்டில் 90 மணி, மழை விடுமுறையும் தேர்வும் போக 75 கிடைத்தால் பெரிது. ஐந்து யூனிட் என்றால் யூனிட்டுக்கு 15. எந்த யூனிட்டில் எதுவரை முடிந்தது என்ற பதிவேடும் சி.ஐ.ஏ. மதிப்பெண் ஏடும் அவர் பையில் இல்லாமல் துறை அலமாரியில் இருக்கட்டும். அடுத்து வருபவர் திங்கட்கிழமை காலை அதைப் பார்த்து வகுப்புக்குப் போய்விடலாம்.