ஓணான் பெட்டிக்குப் பகலும் இரவும்

நேயர்களுக்கு வணக்கம். ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்த பியர்டட் டிராகன் என்னும் ஓணான், இன்று பிரிட்டனில் பல வீடுகளில் கண்ணாடிக் கதவு போட்ட மரப்பெட்டிகளில் வளர்கிறது. வெப்ப பல்பின் கீழே அது வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு பகலில் ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸும், பெட்டியின் மறுமுனை 25 டிகிரி அளவிலும் இருந்தால்தான், இங்குமங்கும் நகர்ந்து தன் உடல் வெப்பத்தை அதனால் சீராக்கிக்கொள்ள முடியும். இரவிலோ 20 டிகிரி போதும்.

பகலுக்கு ஓர் அளவு, இரவுக்கு ஓர் அளவு என இரண்டு திருகுகளில் நாம் குறித்து வைப்பதை, வெளிச்சம் விழுகிறதா இல்லையா என்று பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டுகள், அதாவது வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள், கடைகளில் கிடைக்கின்றன. சிக்கல் அதன் வெப்ப அளவீட்டில் அல்ல, முகப்பில் இருக்கும் அந்தச் சிறு ஒளி உணரி எந்த வெளிச்சத்தைப் பார்க்கிறது என்பதில்தான் இருக்கிறது. அதை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தால், லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்தைத் தாண்டும், டிசம்பரில் 8 மணி நேரம்கூட நீடிக்காது. கூடத்து விளக்கு அதன்மேல் பட்டால் நள்ளிரவும் பகலாகிவிடும். வீட்டார் கண்விழித்துத் தொலைக்காட்சி பார்ப்பது அவர்கள் விருப்பம், ஓணானும் சேர்ந்து விழித்திருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் மோசமானது, வெப்ப பல்பின் ஒளியே உணரியில் விழுவது: இரவில் குளிர்ந்து பல்பு எரியத் தொடங்கியதும், விடிந்துவிட்டதென்று கருவி பகல் அளவுக்கு வெப்பத்தை ஏற்றத் தொடங்கும்.

ஆகவே, டைமரில் 12 மணி நேரம் எரியும் புற ஊதாக் குழல்விளக்கு ஒன்றை மட்டுமே உணரி பார்க்கும்படி அமைப்பது நல்லது. இரவிலும் வெப்பம் தேவைப்படும் குளிர்ந்த வீடுகளில், ஒளியே தராத செராமிக் ஹீட்டரைத் தனித் தெர்மோஸ்டாட்டில் இணைக்கலாம். பல்புக்கு, மின்சாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகையே ஏற்றது. சாதாரண ஆன்-ஆஃப் வகையில் பல்பு அணைந்து அணைந்து எரிந்து, ஓணானையும் அலைக்கழித்துச் சீக்கிரமே பழுதாகும்.

வெப்ப உணரியின் வயரைப் பெட்டிச் சுவரில் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். அது கதவிடுக்கு வழியே வெளியே நழுவினால், அறையின் குளிரை அளந்துகொண்டு, பல்பை முழு வேகத்தில் எரியவிட்டுக்கொண்டே இருக்கும். திருகில் உள்ள எண் உணரி இருக்கும் இடத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், கல்லின் சூட்டை அகச்சிவப்பு வெப்பமானியால் தனியே அளந்து, அதற்கேற்பத் திருக வேண்டும்.

ஓணானை விடுவதற்கு முன், அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிவு செய்யும் வெப்பமானியை உள்ளே வைத்து ஒரு முழு இரவும் பகலும் ஓடவிட்டுப் பாருங்கள்.