அம்மாவின் முழங்காலை நம்பி ஒரு கடலோர நடை: பாயிண்ட் லோபோஸ்

வணக்கம் மக்களே. காற்று இரைகிறதா? மைக்குக்குப் பஞ்சு மாட்டியும் இந்தச் சத்தம். பொறுத்துக்கொள்ளுங்கள், பாறை மறைவுக்குப் போனதும் சரியாகிவிடும்.

போன வீடியோவில் நான் மூச்சிரைக்க மலை ஏறியதைப் பார்த்துவிட்டுப் பலர் கேட்டிருந்தீர்கள்: "வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒன்று சொல்லக்கூடாதா?" சரியான நேரத்தில்தான் கேட்டீர்கள். அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். வயது 68, இடது முழங்கால் மழைக்கு முன்னாலேயே வானிலை அறிக்கை வாசிக்கும். வெளியே கிளம்பலாம் என்றாலே அவரிடமிருந்து மூன்று கேள்விகள் வரும்: "படி இருக்கா? உட்கார இடம் இருக்கா? பாத்ரூம் இருக்கா?" இன்றைய இடத்தையும் அந்த மூன்றை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன். அம்மா கேமராவுக்குள் வர மாட்டாராம், அதனால் அவர் பங்குக்கும் நானே பேசுகிறேன்.

இடம் பாயிண்ட் லோபோஸ் என்கிற கடலோர இயற்கைக் காப்பகம். கலிஃபோர்னியாவில் கார்மெல் ஊரைத் தாண்டித் தெற்கே நெடுஞ்சாலை 1-இல் ஐந்தாறு நிமிடம் வந்தால் வலது பக்கம் நுழைவாயில். சான் ஹோசேயிலிருந்து ஒன்றரை மணி நேரம். காலை 8 மணிக்குத் திறக்கிறார்கள், நாங்கள் எட்டடிக்க ஐந்து நிமிடத்துக்கு வந்து வரிசையில் நின்றோம். சனி, ஞாயிறில் பத்து மணிக்கு மேல் வந்தால் உள்ளே கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும், அந்த நடையிலேயே அம்மாவின் முழங்கால் கணக்கு தீர்ந்துவிடும்.

முதலில் போனது வேலர்ஸ் கோவ். இதை நடைபாதை என்று சொல்வதே அதிகம். காரிலிருந்து இறங்கினால் எதிரில் கடல். பக்கத்தில் 1850-களில் சீன மீனவர்கள் கட்டிய சிறு மரவீடு ஒன்று இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். தரையைத் தாங்க அடியில் திமிங்கில முதுகெலும்புத் துண்டுகளை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். குனிந்து பாருங்கள், அம்மிக்கல் அளவில் தெரியும்.

ஆனால் எங்களை முக்கால் மணி நேரம் கட்டிப் போட்டது தண்ணீர்தான். தூரத்தில் பழுப்பு நிறத்தில் தழை மிதக்கிறதே, அது கெல்ப், ராட்சதக் கடற்பாசி. நல்ல பருவத்தில் ஒரு நாளுக்கு அரை மீட்டருக்கு மேல் வளரும். அதற்கு நடுவே ஒரு கட்டை மிதப்பது போல் இருந்தது. அம்மாதான் பைனாகுலரில் பார்த்துவிட்டு, "கட்டைக்குக் கை இருக்குடா" என்றார். கடல் நீர்நாய்! மல்லாந்து படுத்து, அலை இழுத்துப் போகாமல் இருக்க பாசிக் கொடியை உடம்பில் சுற்றிக்கொண்டு தூங்குகிறது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று முங்கி எழுந்தது. வயிற்றின் மேல் ஒரு கல்லை வைத்து, சிப்பியை இரண்டு கையாலும் பிடித்து, டக், டக், டக். கரையில் நின்ற எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அம்மா தேங்காய் உடைக்கிற நிதானம் அதில் அப்படியே இருந்தது என்று சொன்னேன், முறைத்தார்.

இந்தக் குளிரில் அது எப்படித் தாங்குகிறது என்று கேட்டார். திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் இருக்கும் தடித்த கொழுப்பு நீர்நாய்க்குக் கிடையாது. எல்லாம் ரோமம்தான். ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் முடி வரை இருக்கும். நம் தலை முழுக்க எண்ணினாலே ஒரு லட்சம்தான் தேறும், என் தலையில் அதுவும் தேறாது. அந்த ரோமத்துக்காகவே வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். கலிஃபோர்னியாக் கரையில் அழிந்தே போயிற்று என்று பலரும் நினைத்திருந்தபோது, 1938-இல் இங்கிருந்து தெற்கே பிக்ஸ்பி ஓடை கடலில் சேரும் இடத்தில் ஒரு சிறு கூட்டம் கண்ணில் பட்டது. இன்றைக்கு இந்தக் கரையில் மிதப்பவை எல்லாம் அப்படித் தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகள்.

அடுத்து சைப்ரஸ் குரோவ் பாதை. ஒரு சுற்று 0.8 மைல், அதாவது ஒன்றேகால் கிலோமீட்டர். படி இருக்கிறதா? சில இடத்தில் கல் படிகளும் மேடு பள்ளமும் உண்டு. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். மான்டெரி சைப்ரஸ் மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே இரண்டு தோப்புகளில்தான், ஒன்று இது, இன்னொன்று விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் பெபிள் பீச்சில். காற்று தள்ளித் தள்ளி மரமெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, தலைவாரிவிட்ட மாதிரி.

இந்தக் கிளையைப் பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன். மஞ்சள் பூசியதா, துருப் பிடித்ததா? இரண்டும் இல்லை. இது ஒரு பாசி. இனத்தில் பச்சைப் பாசிதான், ஆனால் கேரட்டுக்கு நிறம் தருகிற அதே வகைப் பொருள் உள்ளே இருப்பதால் ஆரஞ்சாகத் தெரிகிறது. மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம் இதைக் கவனியுங்கள். பாதையோரம் மூன்று மூன்று இலையாக, பளபளவென்று ஒரு செடி. பாய்சன் ஓக். தொட்டால் தோல் தடித்து, கொப்புளம் வந்து, பல நாள் அரிக்கும். அம்மா எட்டிப் பார்த்து, "சேங்கொட்டைப் பால் பட்ட மாதிரியா?" என்றார். அட, அதேதான்! சேங்கொட்டை, மா, முந்திரி, இது எல்லாமே ஒரே குடும்பம். மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்துபோகிறவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருங்கள். பாதையின் இரு பக்கமும் கம்பி கட்டியிருப்பது அழகுக்கு அல்ல, அதற்குள்ளேயே நடங்கள்.

சீ லயன் பாயிண்ட் பக்கம் போனால் தூரத்துப் பாறையிலிருந்து ஓயாத குரைப்பு. ஸ்பானியர்கள் கடற்சிங்கத்தைக் கடல் ஓநாய் என்றார்கள். லோபோ என்றால் ஓநாய், இந்த இடத்தின் பெயரே அந்தக் கூச்சலால் வந்தது. கழிவறை கார் நிறுத்துமிடத்திலேயே இருக்கிறது, மூன்றாவது கேள்விக்குப் பதில் முடிந்தது.

பாறை ஓரத்தில் செல்ஃபி எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். பத்து நிமிடம் சாதுவாக இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு பெரிய அலை ஏறி வரும். தண்ணீரோ கோடையிலும் உறையவைக்கும் குளிர்.

எனக்கு நேர்ந்தது அவ்வளவு பெரிய ஆபத்தில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பையைத் திறந்து ஒரு நொடி திரும்பினேன், கடற்காகம் முறுக்கைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. இங்கே பறவைக்குத் தீனி போடக் கூடாது என்பது விதி. நான் போடவில்லை, அதுவாக எடுத்துக்கொண்டது!

கடைசியாக பேர்டு ஐலண்ட் பாதை, இதுவும் 0.8 மைல்தான். தொடக்கத்தில் சிறிது ஏற்றம், அப்புறம் ஏறக்குறைய சமதளம். வழியில் சைனா கோவ். கீழே தெரியும் அந்தப் பச்சை நிறத்துக்கு நான் எந்த ஃபில்டரும் போடவில்லை. வசந்தத்தில் சீல்கள் குட்டியோடு கரையேறும், அப்போது அருகே போக முடியாதபடி சில இடங்களை மூடிவிடுவார்கள். தீவு முழுக்க நீர்க்காகங்கள், நம் ஏரிகளில் இறக்கை விரித்துக் காயவைக்குமே, அதன் உறவுக்காரர்கள்.

எப்போது வரலாம்? ஜூன், ஜூலையில் மூடுபனி படம் எடுக்க விடாது. செப்டம்பர், அக்டோபரில் வானம் தெளிவாக இருக்கும். ட்ரோன் கூடாது. நாயைக் காருக்குள் வைத்துக்கூட உள்ளே கொண்டுவரக் கூடாது. கூழாங்கல் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது, அம்மா கோலமாவுக் கிண்ணத்தில் போட ஒன்றைப் பொறுக்கினார், சொன்னதும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

இதோ, பெஞ்சிலிருந்து கூப்பிடுகிறார். கிளம்பலாம் என்கிறாரோ என்று நினைத்தேன். இல்லையாம், அந்த "கட்டை"யை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டுமாம். பேட்டரியும் தீரப் போகிறது, நான் போய் காரை எடுக்கிறேன்.